எதிர்க்கடை ஜௌபரின் இடுப்பளவு

பதுளை,
ஹிஜ்ரி 1330, துல்கஃதா மாதம்.

அருமை மகன் பாறூக்குக்கு உன் வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். கடலுக்கு அந்தப் பக்கத்தில் நீயும் உன் மாமாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே நானும் உன் உம்மாவும் சுகம். கடிதம் என்றால் சுகம் என்று எழுதத்தான் வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, இந்தத் தடவை மெய்யாகவே சுகம். பதுளையில் மழை பிடித்துக்கொண்டது, பண்டாரவளை ரோட்டில் மண் சரிந்து தபால் வண்டி வராமல் நின்றதால் உன் கடிதம் பிந்தித்தான் கைக்குக் கிடைத்தது. தீபாவளி வருவதால் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் நனைந்துகொண்டே சேலை எடுக்க வருகிறார்கள், கடை முழுவதும் ஈரத் துணியும் சேற்றுக் காலுமாக இருக்கிறது. கூரையில் ஒழுகின இடத்தை அடைத்துவிட்டேன். உம்மாவின் முட்டுவலி முன்னைக்கு இப்போது தேவலை, அது எப்படித் தேவலையாயிற்று என்பதும் இந்தக் கடிதத்தில் வரும்.

வாப்பா பசறை ரோட்டில் விழுந்து கிடந்தாராம், தோட்டத்து ஆட்கள் தூக்கி வந்தார்களாம், ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். பண்டாரவளையிலிருந்து மாமாவுக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள். இந்த ஊரில் ஒருவன் தும்மினால் சிங்கப்பூர் வரைக்கும் கேட்கிறது. விழுந்தது உண்மைதான் மகன். எழுதாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம். ஏன் விழுந்தேன் என்று எழுதப் போனால் எதிர்க்கடை ஜௌபரைப் பற்றி எழுத வேண்டும், ஜௌபரைப் பற்றி எழுதப் போனால் அவன் மேல் எனக்கிருக்கும் பொறாமையையும் எழுத வேண்டும். மூடி மறைத்து எழுத எனக்கு வராது. ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

நீ கப்பலேறிய காலத்திலேயே நான் பருமன் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு கூடிப்போனேன் என்பது உனக்குத் தெரியாது. நீ இல்லாத வீட்டில் உம்மா சமைத்துப் போட நான் ஒருத்தன்தான், எனக்கும் கடையை விட்டால் சாப்பாடுதான். ஜௌபரும் அப்படித்தான் இருந்தான். அவனுடைய அரிசிக்கடை வாசலில் அவனும் என்னுடைய துணிக்கடை வாசலில் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெருவுக்கு இரண்டு பக்கமும் மதில் எழுப்பின மாதிரி இருக்கும் என்று பெடியன்கள் சிரிப்பார்கள். போன ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து ஒரு ஜும்ஆவில், சுஜூதில் தரையில் வைத்த நெற்றியை எடுத்து எழும்பப் போன நேரம் எனக்கு மூச்சு அடைத்துக் கண் இருண்டு பக்கத்தில் நின்ற ஜௌபர் மேல் சரிந்துவிட்டேன். அவனும் சரிந்தான். சபை முழுவதும் தொழுதுகொண்டிருக்க நாங்கள் இரண்டு பேரும் எழும்ப ஏலாமல் கிடந்தோம். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்த பிறகு ஆட்கள் வந்து எங்களைத் தூக்கி உட்கார வைத்தார்கள். தொழுகை நடத்தின லெப்பை என் காதில் மெல்ல, "இனிமே ஒரு முக்காலி போட்டு அதுல ஈந்து தொழுங்கோ, குத்தமில்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அடுத்த நாள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேட்டில் மாடு நின்றுவிட்டது, இறங்கி நடந்தோம். டாக்டர் எங்கள் நெஞ்சைப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, எனக்கு இனிப்பு நீர் வியாதி தொடங்கிவிட்டது என்றும் ஜௌபருக்குத் தொடங்கப் போகிறது என்றும் சொன்னார். சோற்றைக் குறைக்க வேண்டும், சீனி, கருப்பட்டி, நெய்ப் பலகாரம் நிறுத்த வேண்டும், கீரை காய்கறி கூட்ட வேண்டும், தினமும் நடக்க வேண்டும், ஆனால் பட்டினி கிடக்கக் கூடாது, ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது என்றார். நாங்கள் எழும்பி வரும்போது, "இதைத் தனியாச் செய்ய ஏலாது. நல்ல வேளை நீங்கள் ரெண்டு பேர் வந்திருக்கிறீங்கள். ஒருத்தரை ஒருத்தர் விட்டுடாதேங்கோ. வீட்டு ஆட்களுக்கும் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். வண்டியில் வரும்போது ஜௌபர் என் கையைப் பிடித்து, "மச்சான், நாளைக்கு சுபஹு தொழுதிட்டு ஆத்துப் பாலம் வரைக்கும் நடப்போம்" என்றான். அந்த நேரம் எனக்கு அவன் மேல் ஒரு துளி பொறாமையும் கிடையாது. சொந்தத் தம்பி போல இருந்தான்.

நடக்கத் தொடங்கினோம். முதல் நாட்களில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பனி இறங்கியிருக்கும், நமுனுகுலை மலை பாதிதான் தெரியும், பால்காரனும் நாங்களும்தான் தெருவில். கொஞ்ச நாளில் ஜௌபரின் மருமகன் இத்ரூஸ் கூட வரத் தொடங்கினான். மாமனாருக்குக் குடை பிடிப்பது, சால்வையை வாங்கிக்கொள்வது, களைத்து நின்றால் கூடவே நின்று ஏதாவது பேச்சுக் கொடுப்பது என்று அவன் காட்டுகிற பரிவைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே எரிந்தது. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், அவன் கடலுக்கு அப்பால் இரத்தினக் கல் வியாபாரம் பார்க்கிறான் என்று பாலத்தைப் பிடித்துக்கொண்டு நினைத்துக்கொள்வேன். வீட்டில் அதைவிடப் பெரிய வித்தியாசம். ஜௌபருக்கு மனைவி இல்லை, மௌத்தாகி எத்தனையோ வருஷம். ஆனால் அவனுடைய மகள் பலீலா, அந்தப் பிள்ளையைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, வாப்பா இதைச் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டிலிருந்த சீனி டின்னை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வாப்பாவுக்கு வேறு சமையல், மற்றவர்களுக்கு வேறு சமையல் என்று வைக்கவில்லை, வீட்டில் எல்லாருக்கும் ஒரே குரக்கன் பிட்டு, ஒரே வல்லாரைச் சுண்டல், ஒரே மீன் ஆணம். புருஷன் இத்ரூஸும் வாயைத் திறக்காமல் அதையே சாப்பிட்டான்.

இங்கே உன் உம்மா என்ன செய்தா தெரியுமா. டாக்டர் சொன்னதை நான் சொன்ன உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கலியாணம் முடிச்சி வரக்குள்ள நீங்க ஈர்க்குக் குச்சி மாதிரி ஈந்தீங்க. என்ட கையால தின்டு வந்த ஒடம்பு இது. இப்ப நான் சோத்த கொறச்சா ஊர் என்னத்த செல்லும்? புருஷனுக்குப் போடாம இவ தின்டாண்டு செல்லாதா?" என்று கேட்டா. அடுத்த நாள் நடந்துவிட்டு வந்தால் இடியப்பமும் தேங்காய்ப் பாலும் கித்துள் கருப்பட்டியும் வைத்திருந்தா, நடந்து களைத்து வாறீங்களே என்று. அவவைக் குறை சொல்லவில்லை மகன், அவவுக்கு அன்பு என்றால் அகப்பைதான். ஆனால் நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இடியப்பத்தை விழுங்கிக்கொண்டே எதிர் வீட்டைப் பார்ப்பேன். அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டியவள் இல்லையே பலீலா, இந்த வீட்டில் அல்லவா இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். நீ அப்போது சம்மதித்திருந்தால் அந்தக் குரக்கன் பிட்டு இந்தச் சமையலறையில் அவிந்திருக்கும். இப்போதைக்கு மணம் முடிக்க மாட்டேன் என்று நீ கப்பலேறினாய், நாங்கள் ஜௌபர் முகத்தில் முழிக்க ஏலாமல் நின்றோம், அவன்தான் பெரிய மனசோடு அதை மறந்தான். போனதைச் சொல்லி உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. குத்தினால் குத்தட்டும்.

மூன்று மாதம் போல ஆனபோது ஜௌபர் கடைக்கு வந்து என் முன்னால் நின்று, "மச்சான், சட்டையெல்லாம் தொளதொளன்டு ஈக்கி, புதுசா ரெண்டு தைக்கோணும்" என்றான். தையல்காரன் காய்ச்சல் என்று வரவில்லை. நானே அளவு நாடாவை எடுத்தேன். கஜக்கோலும் நாடாவுமாக என் ஆயுசில் பாதி போயிருக்கிறது, ஒரு ஆளைப் பார்த்தாலே இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவேன், ஆனாலும் அன்று என் கண்ணை நம்பவில்லை. நாடாவைச் சுற்றினேன், முனை வந்து சேர்ந்த பிறகும் எவ்வளவோ மிச்சம் தொங்கியது. இரண்டாம் தரமும் சுற்றினேன். அவன் மூச்சை உள்ளே இழுத்து ஏமாற்றுகிறானோ என்று, "மூச்சை விடு" என்று அதட்டினேன். அவன் சிரித்து, "விட்டுத்தான் நிக்கிறேன்" என்றான். என்னுடைய நாடாவில் என்னுடைய கையால் அவனுடைய இடுப்பு குறைந்ததை நான் அளக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு அந்த மூன்று மாதத்தில் ஒரு விரல் அளவும் குறையவில்லை. அவனுக்கு நல்ல துணியாகப் பார்த்துக் கொடுத்தேன், சிரித்துப் பேசினேன், அவன் தெருவைக் கடந்து போனதும் மேசையில் இருந்த தொதல் இனிப்பை எடுத்து நின்ற நிலையிலேயே தின்றேன். ஏன் தின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. பசி இல்லை.

அதற்குப் பிறகு அவனோடு நடக்கப் போகவில்லை. காலில் நோவு என்றேன், கடையில் சரக்கு வருகிறது என்றேன். அவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவான், நான் உள்ளே இருந்துகொண்டு உம்மாவைக் கொண்டு இல்லை என்று சொல்ல வைப்பேன். அவன் இத்ரூஸோடு பாலத்துப் பக்கம் போன பிறகு நான் யாரும் பார்க்காமல் பசறை ரோட்டில் ஏறுவேன். மனசில் ஒரு கணக்கு. அவன் மூன்று மாதத்தில் குறைத்ததை நான் மூன்று கிழமையில் குறைத்துக் காட்ட வேண்டும், பிறகு அவன் கடைக்குப் போய் அந்த அரிசித் தராசில் ஏறி உட்கார வேண்டும். டாக்டர் சொன்னது எல்லாம் மறந்துபோயிற்று. சாப்பாட்டை அடியோடு விட்டேன். காலையில் தேசிக்காய்த் தண்ணி, இரவில் வெறும் தேத்தண்ணி. உம்மா வைத்த சோற்றை அவ அந்தப் பக்கம் திரும்பினதும் பூனைக்குக் கொட்டினேன், பூனை கொழுத்தது. தலை சுற்றினாலும் நடந்தேன், கை நடுங்கினாலும் நடந்தேன், வேர்வை ஆறாகப் போகும்போது ஜௌபரின் புதுச் சட்டை கண்ணுக்கு முன்னால் வரும், இன்னும் கொஞ்சம் மேலே ஏறுவேன்.

ஒரு நாள் நல்ல வெயில் ஏறின பிறகு, தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கு ஏற்றத்தில் கால் இரண்டும் என்னுடையது இல்லாத மாதிரி ஆகி விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது கொழுந்துச் சாக்கு ஏற்றுகிற வண்டியில் கிடக்கிறேன், நம் கடையில் தீபாவளிக்குத் துணி எடுக்கும் நல்லையாக் கங்காணி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கருப்பட்டித் தண்ணியை வாயில் ஊற்றுகிறார். என்ன மொதலாளி, இந்த வேகாத வெயில்ல எங்க போறீங்க என்று கேட்டார். அறிவில்லாமல் உண்மையைச் சொன்னேன், மெலிய வேண்டும் என்று சாப்பிடாமல் நடந்தேன் என்று. அந்த மனுஷன் கருப்பட்டித் தண்ணிச் சிரட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க லயத்து வீடுகள்ல புள்ளைங்க திங்கறதுக்கு இல்லாம மெலிஞ்சி கெடக்குதுங்க. நீங்க இருந்தும் திங்காம விழுந்து கெடக்குறீங்களே, மொதலாளி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதிசயமாகச் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. வண்டியோடு வந்து வீட்டில் இறக்கிவிட்டு, உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். உம்மா அன்று அழுத அழுகையை எழுத மாட்டேன்.

அன்று பின்னேரமே ஜௌபர் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், கோபத்தில் அவன் காது சிவந்திருந்தது. "டாக்டர் எங்க ரெண்டு பேரையும் சேந்து செய்யத்தானே சென்னார். நீ என்னோட பந்தயம் ஓடவா போன?" என்று கேட்டான். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "உனக்குச் செல்ல லேசு. உனக்குச் சமைக்கப் பலீலா ஈக்கிறா, குடை பிடிக்க மருமகன் ஈக்கிறான். எனக்கு யாரு?" என்று கத்திவிட்டேன். கதவுக்குப் பின்னால் உன் உம்மா நின்றா, கேட்டுக்கொண்டுதான் நின்றா. ஜௌபர் எழும்பிப் போனான். போய்த் தன் மகளிடம் என்ன சொன்னானோ, அடுத்த நாள் காலையில் எதிர் வீட்டிலிருந்து மூடி வைத்த ஒரு தட்டு வந்தது. குரக்கன் ரொட்டி, அதற்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல், முருங்கைக்கீரைச் சுண்டல், ஒரு துண்டு மீன். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது மகன். ருசியாக இருந்ததால் இன்னும் எரிந்தது, ஒவ்வொரு வாய்க்கும் ஜௌபர் தினமும் இதையல்லவா சாப்பிடுகிறான் என்று. வயிறு நிறைந்தது, மயக்கம் வரவில்லை, இனிப்புத் தின்ன வேண்டும் என்ற அந்தப் பதைப்பும் வரவில்லை.

மறுநாளும் தட்டு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான் வழித்துச் சாப்பிடுவதை உன் உம்மா வாசல்படியில் நின்று பார்த்தா. எனக்கு ஜௌபர் மேல் இருந்தது ஒன்றுமில்லை, உம்மாவின் முகத்தில் நான் கண்டதுதான் பொறாமை. "நான் வச்ச புளியாணத்த ஒரு நாளாவது இப்பிடித் தின்டீங்களா? என்ட கை முறிஞ்சா போச்சி, அந்த ஊட்டுத் தட்டு இஞ்ச வாறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தெருவைக் கடந்தா. உன் கலியாணப் பேச்சு முறிந்த நாளிலிருந்து அந்த வீட்டுப் படி மிதிக்காதவ. சண்டை பிடிக்கத்தான் போறா என்று நான் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து துஆ ஓதிக்கொண்டிருந்தேன். மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் வரைக்கும் வரவில்லை. வரும்போது கையில் குரக்கன் மாவு ஒரு சட்டி. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. பல நாள் கழித்து ஒரு இரவு சாப்பாட்டு நேரம் தானாகவே சொன்னா. இவ போய் நின்று, என்ட புருஷனுக்கு நீ ஏன் ஆக்கி அனுப்ப வேண்டும் என்று கேட்டாவாம். பலீலா கோபிக்கவில்லையாம். "மாமி, என்ட உம்மா ஈந்தா நானும் இப்பிடி ஓடித் திரிய மாட்டேன். மாமாக்கு நீங்க ஈக்கிறீங்க. உங்களுக்கு வெளங்காம ஈந்தா நான் செல்லித் தாறேன், இனி தட்டு அனுப்பல்ல" என்றாளாம். உன் உம்மாவுக்கு அதற்கு மேல் சண்டை பிடிக்க ஏலாமல் போயிற்று. அடுப்படியில் உட்கார்ந்து மா பிசையப் பழகிக்கொண்டு வந்தா.

அதற்குப் பிறகு உன் உம்மாவைப் பிடிக்க ஏலாது. பலீலா கீரை ஒரு வகை வைத்தால் இவ இரண்டு வகை வைப்பா. பலீலா பலாக்காய் அவித்தாள் என்று கேள்விப்பட்டால் இவ வாழைப்பூ வறை செய்வா. பலீலா சிவப்பரிசிச் சோற்றைச் சின்னச் சிரட்டையால் அளக்கிறாளாம் என்று இவ அதைவிடச் சின்னச் சிரட்டை தேடி எடுத்தா, நான் பார்த்துவிட்டு டாக்டர் பட்டினி போடச் சொல்லவில்லை என்று சத்தம் போட்ட பிறகுதான் பழைய அளவுக்கு வந்தா. பொறாமையில்தான் செய்தா, ஆனால் செய்தா. என்னோடு உட்கார்ந்து அதையே தானும் சாப்பிட்டா, எனக்குத் தனியாக வைக்காமல். அதுதான் பெரிய உதவியாக இருந்தது மகன், மற்றவர் வட்டிலப்பம் சாப்பிட நாம் கீரையைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் கஷ்டம் வேறில்லை. அவவுக்கும் உடம்பு இறங்கி முட்டுவலி குறைந்தது, இப்போது காலையில் வீட்டுப் பின்வளவில் அவவும் பலீலாவும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். முன்னே அந்த வளவில் கோழிகள் சண்டை பிடிக்கும் சத்தம்தான் கேட்கும், இப்போது அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

நான் போய் ஜௌபரின் கடை வாசலில் நின்று, நாளைக்கு வருகிறேன் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை, கால் நோவு போச்சா என்று மட்டும் கேட்டான், சிரிக்காமல் கேட்டான். திரும்பவும் மூன்று பேருமாக நடக்கிறோம். மழை பெய்தால் அவனுடைய அரிசிக்கடைக்குள் மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம், வருகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். எல்லாம் நேராகப் போயிற்று என்று நினைக்காதே. நோன்புப் பெருநாளன்று விருந்து வீட்டில் வட்டிலப்பத்தைக் கண்டதும் நான் மானம் மரியாதையை விட்டுவிட்டேன். முன்னே என்றால் ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது என்று அந்தக் கிழமை முழுவதும் தின்றிருப்பேன். அடுத்த நாள் சுபஹுக்கு ஜௌபர் வாசலில் வந்து கனைத்தான், ஏன் தின்றாய் என்று கேட்கவில்லை, நடக்கப் போனோம். அவ்வளவுதான் அதற்கு மருந்து. மெல்ல மெல்லத்தான் குறைகிறது. இப்போது முக்காலி இல்லாமல் தொழுகிறேன், டாக்டரும் பார்த்துவிட்டு இப்படியே இருக்கச் சொன்னார். ஆனாலும் ஜௌபர் என்னைவிட மெலிவுதான், என்னைவிட வேகமாகத்தான் நடக்கிறான், இத்ரூஸ் இன்னமும் அவனுக்குத்தான் முதலில் குடை பிடிக்கிறான், எனக்கு இன்னமும் எரிகிறது. எரிச்சலோடு சேர்த்துத்தான் நடக்கிறேன்.

இவ்வளவு வெட்கக்கேட்டையும் வாப்பா ஏன் விரித்து எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். உன் கடிதத்தோடு நீ அனுப்பின போட்டோ வந்தது. உம்மா அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதா, பிறகு எல்லாருக்கும் கொண்டு போய்க் காட்டினா, பார்த்தவர்கள் எல்லாரும் மாஷா அல்லாஹ், தம்பி நல்லாத் தேறிட்டார், கைநிறையச் சம்பாதிக்கிறார் போல என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். எல்லாரும் போன பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தேன். துணிக்காரன் கண் மகன், முகத்தைப் பார்க்கும் முன் சட்டையைப் பார்க்கும். வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் இழுபட்டு நிற்கிறது. கழுத்துப் பட்டியை மூட ஏலாமல் திறந்து விட்டிருக்கிறாய். நாற்காலியில் கால்களை அகட்டி வைத்து, கையை முட்டில் ஊன்றி, எழும்பினால் களைக்கும் என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இந்த உடம்பு எந்த ரோட்டில் போய் முடிகிறது என்று நான் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, இரவில் அடிக்கடி தாகம் எடுக்கிறதா, உண்மையை எழுது. அங்கே நல்ல டாக்டரைப் போய்ப் பார். ஒரேயடியாகப் பட்டினி கிடந்து மயங்கி விழாதே, அங்கே உன்னைத் தூக்க நல்லையாக் கங்காணி இல்லை. கடைச் சாப்பாட்டைக் குறை, மாமா வீட்டில் கீரை சமைக்கச் சொல், கடைக்குப் போக வர நடந்து போ. எல்லாவற்றையும்விட முக்கியம், தனியாகத் தொடங்காதே. உன் கூட நடக்க ஒரு ஆளைத் தேடு. மாமா வர மாட்டார், அவர் விடியக் காலையில் படுக்கையை விட்டு எழும்ப மாட்டார். கூட வேலை செய்கிறவனோ, பக்கத்து வீட்டு மலாய்க்காரனோ, பள்ளிவாசலில் பழக்கமானவனோ, யாராவது ஒருவன், விடிந்ததும் உன் கதவைத் தட்டுகிறவன், நீ தவறினால் ஏன் என்று கேட்காமல் அடுத்த நாளும் வந்து நிற்கிறவன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் ஹலாலான பரக்கத்தையும் தருவானாக, உன்னைக் கண்ணால் காணும் வரைக்கும் எங்கள் இருவர் மூச்சையும் வைத்திருப்பானாக. உம்மா ஸலாம் சொல்கிறா, முத்தம் சொல்கிறா, மாசிக் கருவாட்டுத் தூள் ஒரு பொதி அனுப்புகிறா, நெய் அனுப்பப் போனா, நான் விடவில்லை. மறக்காமல் பதில் எழுது. உன்னோடு நடக்க வருகிறவன் பேர் என்ன, எந்த ஊர், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று எழுது. நான் பிடிக்க வேண்டிய கையை எவனோ ஒருவன் பிடித்துக்கொண்டு போகிறான் என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும், இப்போதே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். உனக்குக் கேட்கிற துஆவில் அவன் பேரையும் சேர்த்துக் கேட்பேன், பேரைச் சீக்கிரம் எழுது.

உன் நலம் நாடும் வாப்பா,
றவூப்